கோடையில் அளந்த நிலம்

மண் பரிசோதனை என் தொழில். ஒரு தொழிற்சாலையோ கிடங்கோ கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் துளையிட்டு, அடியில் எந்த மண் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது, அது எவ்வளவு பாரம் தாங்கும், நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்போம். ஈரநிலங்களைக் காப்பதா, தொழில் வளர்ச்சிக்கு நிலம் ஒதுக்குவதா என்ற வாதம் எங்கே நடந்தாலும் நான் காதுகொடுத்துக் கேட்பதற்கு இந்தத் தொழிலே காரணம். இரு தரப்பும் எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்களோ, அதே போன்ற நிலங்களில் வேறு யாரும் வராத நாட்களில் நான் நின்றிருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் பார்த்த ஓர் இடம் இன்னும் மனதைவிட்டு அகலவில்லை. ஆவணத்தில் அது தரிசு. கடுங்கோடையில் போனதால் கண்ணுக்கும் தரிசாகவே தெரிந்தது: பாளம் பாளமாக வெடித்த தரை, காய்ந்து மடிந்த கோரைத் தண்டுகள், வெடிப்புகளுக்குள் விரல்நகம் அளவு வெள்ளை நத்தை ஓடுகள். கையால் திருகும் துளைக்கருவியை அழுத்தி இறக்கினோம். முதல் ஒரு சாண் ஆழத்துக்குப் பழுப்பு மண் பொடிந்து வந்தது. ஒரு முழம் போனதும் நிறம் மாறியது. நீலம் கலந்த சாம்பல் களி, அதற்குள் பழைய வேர் ஓடிய துளைகளைச் சுற்றி மட்டும் துருப்பிடித்த கம்பியைப் பதித்தது போல ஆரஞ்சுக் கோடுகள். இன்னும் கீழே அழுகிய முட்டை வாடை. மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் நாங்கள் செய்வதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது தண்ணிக்குப் பாத்தியப்பட்ட இடம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையை நான் அறிக்கையில் எழுதவில்லை. அதை எழுதுவதற்கான கட்டம் படிவத்தில் இல்லை. நிலத்தடி நீர் 2.8 மீட்டர் ஆழத்தில் இருப்பதாக எழுதினேன். அது பொய்யல்ல, ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே மெய். மழைக்காலத்தில் அங்கே நீர் தரைக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கும் என்று வேலை கொடுத்தவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அறிக்கையை வைத்துத்தான் இடம் உறுதியானது.

அந்தச் சாம்பல் நிறத்துக்குப் பொருள் உண்டு. மண்ணுக்குச் செம்மையையும் பழுப்பையும் தருவது அதிலுள்ள இரும்பு. ஆண்டில் பல வாரங்கள் தொடர்ந்து மண் நீரில் ஊறிக் கிடந்தால் அதன் துளைகளில் காற்று இல்லாமல் போகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிட, அது நீரோடு நகர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது சாம்பல் நிறம். நீரில் வளரும் கோரையும் நாணலும் தம் வேர் வழியே சிறிதளவு காற்றைக் கீழே இறக்குவதால், வேரைச் சுற்றி மட்டும் இரும்பு மறுபடியும் துருவாகப் படிகிறது. அழுகிய முட்டை வாடை, அதே காற்றில்லாச் சூழலில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடின் வாடை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1987இல் வெளியிட்ட ஈரநில எல்லை வரையறைக் கையேடு, நீர், மண், தாவரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். நீர் வற்றியிருக்கலாம், தாவரத்தை யாராவது வெட்டியிருக்கலாம். மண்ணின் நிறம் ஒரு கோடையில் மாறிவிடாது. அன்று என் கையில் இருந்த அந்த ஒரு பிடி களி, தான் எத்தகைய நிலம் என்பதற்கான சான்றைத் தானே வைத்திருந்தது.

ஈரநிலம் என்றால் என்ன என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட வரையறை ஒன்று இருக்கிறது. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையானதோ தற்காலிகமானதோ, நிற்பதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ, நீர் தங்கும் எல்லா நிலத்தையும் ஈரநிலம் என்றே கொள்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் வற்றும்போது 6 மீட்டர் ஆழத்துக்கு மிகாத கடற்பகுதியும் அதில் அடக்கம். 'தற்காலிகமானது' என்ற அந்த ஒரு சொல்தான் என் கண்ணில் மிக முக்கியமானது, ஏனென்றால் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரியைத் தொழிற்பேட்டை என்று வரைபடத்தில் குறிக்க அதிகாரிகளும் தயங்குவார்கள். பறிபோவது பெரும்பாலும் நான்கு மாதம் நீரும் எட்டு மாதம் புல்லுமாக இருக்கும் நிலம். ராம்சர் செயலகம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1970க்கும் 2015க்கும் இடையில் உலகின் இயற்கை ஈரநிலங்களில் ஏறத்தாழ 35 விழுக்காடு அழிந்திருக்கிறது.

நாடுகளின் சட்டங்கள் இந்த அகலமான வரையறையைத் தமக்கு ஏற்றபடி நறுக்கிக்கொள்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின், நிலையாக நீரோடும் ஆறு அல்லது ஏரியோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திருக்கும் ஈரநிலங்களுக்கு மட்டுமே கூட்டாட்சி நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நடுவில் ஒரு மேடு குறுக்கிட்டாலும், அந்த மேட்டின் அடியில் நீர் கசிந்து ஆற்றுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கசிவைக் கணக்கில் எடுக்காத ஒரு கோட்டை நீதிமன்றம் வரைந்துவிட்டதாகவே நான் கருதுகிறேன். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், தம் வரம்புக்குள் வரும் ஈரநிலங்களில் புதிய தொழிற்சாலைகளையும், இருக்கும் தொழிற்சாலைகளின் விரிவாக்கத்தையும் தடை செய்கின்றன. கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. ஆனால் நெல்வயல்களையும், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகளையும் அதே விதிகள் வெளியே நிறுத்திவிடுகின்றன. விண்வெளித் துறையின் படங்களைக்கொண்டு தயாராகி 2011இல் வெளியான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை மட்டுமே 2,01,503 என்று எண்ணிக் கொடுத்திருக்கிறது. எண்ணிக்கைக்குள் வந்தும், காக்கப்பட வேண்டியவை என்று அரசு முறைப்படி அறிவிக்காத நிலங்கள்தான் தொழில் நிலம் தேடும் கண்களுக்கு முதலில் படுகின்றன.

ஈரநிலம் என்ற சொல்லே நமக்குப் புதியது. ஆனால் பொருள் புதியதல்ல. கழி, அளம், பழனம், கயம், செறு, சதுப்பு என்று நீர் நிற்கும் விதத்துக்கு ஏற்ப நம் மொழி பெயர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் எனக்கு மிகப் பிடித்த சொல் தாங்கல். வரும் நீரைத் தாங்கி நிறுத்திக்கொள்ளும் இடம் தாங்கல். ஒரு நிலத்தை அதன் வேலையால் அழைக்கும் இந்தப் பெயர் ஆவணத்தில் நிலைத்திருந்தால், அதைத் தரிசு என்று மாற்றி எழுதும்போது எழுதுகிறவரின் கை கொஞ்சமாவது நின்றிருக்கும்.

தொழில் தொடங்குகிறவர்கள் ஈரநிலத்தைத் தேடிப் போவதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல, அப்படிச் சொல்லிவிடுவது நியாயமும் அல்ல. ஒரு பெரிய தொழிற்சாலைக்கு நூறு ஹெக்டேர் தட்டையான நிலம் ஒரே பரப்பாக வேண்டும். துறைமுகமோ ரயில் பாதையோ பக்கத்தில் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான சிறு உடைமையாளர்களோடு பேசி, வீடுகளைக் காலி செய்யவைத்து நிலம் சேர்ப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை, அதிலும் மனிதர்கள் படும் துயரம் குறைவானதல்ல. தாழ்ந்த நிலமோ தட்டையானது, பரந்தது, பெரும்பாலும் அரசு வசம் இருப்பது, குடியிருப்பு இல்லாதது, விலையும் குறைவு. வேலை கேட்டு நிற்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை மனதில் வைத்து முடிவெடுக்க வேண்டிய ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்துச் சபலப்படுவது எனக்குப் புரிகிறது. என் சண்டை அந்தப் பட்டியலின் கடைசி வரியோடுதான். விலை குறைவு என்பது மெய்யல்ல.

தாழ்ந்த நிலத்தை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்த சாதாரணமாக இரண்டு மீட்டர் மண் அடிக்க வேண்டியிருக்கும். ஒரு ஹெக்டேருக்கு இரண்டு மீட்டர் என்றால் 20,000 கனமீட்டர். ஒரு லாரிக்குப் பத்து கனமீட்டர் என்று வைத்தாலும் 2,000 லோடு. நூறு ஹெக்டேருக்கு இரண்டு லட்சம் லோடு. அந்த மண் ஏதோ ஒரு குன்றையோ இன்னொரு ஏரியின் படுகையையோ தோண்டித்தான் வர வேண்டும். வந்து கொட்டிய மண்ணின் எடையில் அடியிலிருக்கும் மென்களி நீரைக் கக்கிக்கொண்டு மெல்ல மெல்ல அமுங்கும். களியிலிருந்து நீர் வெளியேறுவது மிக மந்தமான காரியம் என்பதால் இந்த அமுக்கம் பல ஆண்டுகள் நீடிக்கும். அதை விரைவுபடுத்த நீர்வடி நாடாக்களை ஆழமாக இறக்கி, கூடுதல் மண்ணை மேலே ஏற்றி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒசாகா விரிகுடாவின் களிமண் படுகைமேல் செயற்கைத் தீவை எழுப்பி 1994இல் திறந்த கான்சாய் விமான நிலையத்துக்கு உலகின் மிகத் தேர்ந்த பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த முதல் தீவு கட்டத் தொடங்கியதிலிருந்து 10 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்திருக்கிறது.

கடலோரச் சதுப்புகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவற்றின் களியில் இரும்புச் சல்பைடு கலந்திருக்கும். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் வரை அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. வடிகால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கிக் காற்றுப் படவிட்டால் அது கந்தக அமிலமாக மாறுகிறது. கான்கிரீட்டை அரிக்கிறது, குழாய்களை அரிக்கிறது, முதல் மழையில் ஓடைக்குப் போய் மீன்களைக் கொல்கிறது. ஒரு தளத்தில் பூமிக்கடியில் இருந்து எடுத்த இரும்புக் குழாய் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே போனது. அந்த நிலத்தை வாங்கும்போது தயாரித்த செலவுக் கணக்கில் இது இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, நீர் திரும்பி வரும் நாளில் வருவது. ஒரு ஹெக்டேர் தாழ்நிலத்தில் 30 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 30 லட்சம் லிட்டர். நூறு ஹெக்டேரை மேடாக்கினால் 30 கோடி லிட்டர் நீருக்கு ஒவ்வொரு பெருமழையிலும் வேறு இடம் வேண்டும். அந்த வேறு இடம் பக்கத்துக் குடியிருப்பாக இருக்கும், அல்லது அடுத்த தொழிற்சாலையாக இருக்கும். தாய்லாந்தின் சாவோ பிராயா ஆற்றுச் சமவெளியில், பருவந்தோறும் வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்ந்த நெல்நிலங்களின் நடுவே தொழிற்பேட்டைகளை அமைத்தார்கள். 2011 வெள்ளத்தில் ஆயுத்தயா, பத்தும் தானி மாகாணங்களில் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கின. ஹோண்டா நிறுவனம் நீரில் நின்ற 1,055 கார்களை விற்கவோ பாகங்களைப் பிரித்தெடுக்கவோ முடியாமல் நொறுக்கி அழித்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை நீருக்குள் போனதில் உலகம் முழுவதும் ஹார்ட் டிஸ்க் கிடைக்காமல் விலை ஏறியது. அந்த ஆண்டின் மொத்தச் சேதத்தையும் இழப்பையும் உலக வங்கி 1.43 லட்சம் கோடி பாட் என்று கணக்கிட்டது. அந்த ஆண்டு மழை வழக்கத்துக்கு மிக அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதிக மழை பெய்யும் ஆண்டுக்காகத்தான் ஆறு அந்தச் சமவெளியை வைத்திருந்தது.

ஆகவே, ஈரநிலப் பாதுகாப்பைத் தொழிலுக்கு எதிர்த் தரப்பாக வைத்துப் பேசும் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. நீர் தங்க இடம் விடுவது தொழிற்சாலைக்கே காப்பீடு. இதைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்கிறார்கள். அதனால்தான் அடித்தளக் கணக்குப் போடுகிற நான் சொல்கிறேன்.

இழப்பைச் சமன்செய்வது எப்படி என்று உலகம் ஐம்பது ஆண்டுகளாக யோசித்து, தவிர், குறை, ஈடுசெய் என்று ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. முதலில் ஈரநிலத்தைத் தொடாமல் வேறு இடம் உண்டா என்று பார். இல்லையென்றால் தொடும் பரப்பைக் குறை. அதன் பிறகும் மிஞ்சும் இழப்புக்கு மட்டும் வேறோர் இடத்தில் ஈரநிலத்தை மீட்டுக் கொடு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ராணுவப் பொறியாளர் படையும் 1990இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த வரிசையை உறுதி செய்தது. அங்கே இருக்கும் இன்னொரு விதியும் எனக்குப் பிடித்தமானது: படகுத்துறை போல நீரோரத்தில்தான் இயங்க முடியும் என்ற தேவை இல்லாத ஒரு தொழில் ஈரநிலத்தைக் கேட்டால், வேறு இடம் இருக்கிறது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது கேட்கிறவரின் பொறுப்பு. பொருள் வைக்கும் கிடங்குக்கு எதற்குச் சதுப்பு என்ற எளிய கேள்விக்கு இதைவிட நேரான வடிவம் இல்லை.

நடைமுறையில் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. இடம் முடிவாகி, முன்பணம் கைமாறி, வரைபடம் தயாரான பிறகு சுற்றுச்சூழல் அறிக்கை கேட்கிறார்கள். அப்போது தவிர்ப்பதற்கு எதுவும் இல்லை. குறைப்பதற்கும் அதிகம் இல்லை. ஈடு மட்டுமே மிச்சம். எத்தனை ஹெக்டேர் எடுத்தோம், எத்தனை ஹெக்டேர் கொடுத்தோம் என்று பரப்பளவில் பேரம் நடக்கிறது. இந்தப் பேரம் எவ்வளவு பலன் தந்தது என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001இல் ஆராய்ந்து பார்த்து, நிகர இழப்பு இல்லை என்ற இலக்கு எட்டப்படவில்லை என்று அறிவித்தது. 2012இல் உலகெங்கும் மீட்டெடுத்தோ புதிதாக உருவாக்கியோ வைத்த 621 ஈரநிலங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், உயிரினக் கட்டமைப்பு இயற்கை ஈரநிலங்களைவிடச் சராசரியாக 26 விழுக்காடும், கரிமத்தைச் சேமிப்பது போன்ற உயிர்வேதிச் செயல்பாடு 23 விழுக்காடும் குறைவாக இருந்தன. ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் இடைவெளி முழுதாக மூடவில்லை.

காரணம் எளிது. குழி வெட்டி நீர் நிரப்பினால் குளம் கிடைக்கும், ஈரநிலம் கிடைக்காது. அந்த மண் பல நூறு ஆண்டுகளாக நனைந்து உலர்ந்து நனைந்து உண்டானது. எந்தத் திசையிலிருந்து எந்த மாதத்தில் எவ்வளவு நீர் வந்து, எத்தனை நாள் நின்று, எந்த வழியாக எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்பதுதான் ஈரநிலம். பரப்பளவு அதன் நிழல் மட்டுமே.

பாதியைத் தொழிலுக்கு, பாதியை இயற்கைக்கு என்று பிரித்துக் கொடுக்கும் திட்டங்கள் தோற்பதும் இதே காரணத்தால்தான். அப்படி நியாயமாகப் பிரிக்கப்பட்ட ஓர் இடத்தை ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தேன். பாதுகாக்கப்பட்ட பாதியைச் சுற்றி வேலி இருந்தது, அறிவிப்புப் பலகை இருந்தது, உள்ளே ஒருவரும் கால் வைக்கவில்லை. ஆனால் கோரை போய்ச் சீமைக் கருவேலம் ஏறியிருந்தது. நடந்து சுற்றிப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. தொழிற்சாலைக்குப் போகும் சாலையை ஒன்றரை மீட்டர் உயரக் கரைமேல் போட்டிருந்தார்கள். அந்தக் கரை, மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்துவரும் நீரைக் குறுக்கே மறித்தது. நீர் கடக்க 60 சென்டிமீட்டர் விட்டத்தில் இரண்டு குழாய்கள் வைத்திருந்தார்கள். இரண்டின் அடிமட்டமும் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருந்தன. அதாவது மேட்டுப் பக்கத்தில் இரண்டு அடி நீர் தேங்கினால்தான் முதல் சொட்டு இந்தப் பக்கம் வரும். ஒரு புறம் தேவையில்லாத வெள்ளம், மறுபுறம் காப்பாற்றிய நிலத்தின் மரணம். குழாயின் அடிமட்டம் என்ற ஒற்றை எண்ணைச் சரியாகக் குறித்திருந்தால், அல்லது கரைக்குப் பதிலாகத் தூண்கள்மேல் சாலையை எடுத்துச் சென்றிருந்தால், அந்தப் பாதி பிழைத்திருக்கும். யாரும் கெடுதல் நினைக்கவில்லை. நிலத்தைப் பிரித்தவர்கள் நீரைப் பிரிக்க மறந்தார்கள்.

ஈடு என்ற பேச்சில் காலக்கணக்கும் மறந்துபோகிறது. ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்றின் ஓதச் சேற்றுவெளியான மியூலன்பெர்கர் லோக், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இருந்த இடம். ஏர்பஸ் ஏ380 விமானத் தயாரிப்புக்காக 2001 முதல் அதில் ஏறத்தாழ 170 ஹெக்டேரை நிரப்பினார்கள். வேலைவாய்ப்பு என்ற பொதுநலன் அதற்குச் சொன்ன காரணம். அதைச் சிறிய காரணம் என்று நான் சொல்லமாட்டேன், இன்றும் அந்த ஆலையில் வேறு விமானங்களுக்கான வேலை நடக்கிறது. ஆனால் எந்த விமானத்துக்காக அந்தச் சேற்றுவெளி போனதோ, அந்த விமானத்தின் உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது. அந்த விமான உற்பத்தியின் ஆயுள் ஏறத்தாழ இருபது ஆண்டு. நிரப்பிய மண்ணை யாரும் திரும்ப அள்ளப் போவதில்லை.

தென்கொரியாவின் மேற்குக் கரையில் அருகருகே இருக்கும் இரண்டு முகத்துவாரங்களின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒன்று சேமாங்கும். விளைநிலம் உண்டாக்கப் போவதாகச் சொல்லி 1991இல் வேலை தொடங்கி, 2006 ஏப்ரலில் 33 கிலோமீட்டருக்கும் நீளமான கடல்சுவரால் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடினார்கள். நடுவழியில் நோக்கம் மாறி, விளைநிலம் தொழில் நிலமானது. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் வழியில் அங்கே இறங்கி இரைதேடிய கிரேட் நாட் என்ற உள்ளான் வகைப் பறவைகள் பல்லாயிரக்கணக்கில் குறைந்தன. அவை வேறு கரைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் உலகச் சாரணர் பெருவிழாவை அந்த மீட்ட நிலத்தில் நடத்தியபோது, மழைநீர் சரியாக வடியாத தரையில் பிள்ளைகள் தவித்தார்கள்.

இன்னொன்று அதற்குச் சற்று வடக்கே இருக்கும் சொச்சோன். கும் ஆற்றின் முகத்துவாரத்துச் சேற்றுவெளியை நிரப்பி ஜாங்காங் தேசியத் தொழிற்பேட்டையை அமைக்கும் திட்டம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நிலுவையில் இருந்தது. உள்ளூர் மக்களில் பலர் அதை வேண்டும் என்றே கேட்டார்கள்; பக்கத்து ஊருக்குக் கிடைத்த வளர்ச்சி தங்களுக்கு ஏன் இல்லை என்ற அவர்கள் கேள்வியில் தவறில்லை. 2007இல் அரசு ஒரு மாற்றை முன்வைத்தது: சேற்றுவெளியை விட்டுவிடுவது, தொழிற்பேட்டையைச் சிறிதாக்கி உள்நிலத்தில் அமைப்பது, கூடவே தேசியச் சூழலியல் நிறுவனத்தையும் தேசியக் கடல் உயிரினவள நிறுவனத்தையும் அங்கேயே கட்டுவது. ஊர் ஒப்புக்கொண்டது, சொன்ன மூன்றும் நடந்தன. நிரப்பாமல் விட்ட சேற்றுவெளி 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தொழில் வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தொழில் எங்கே என்ற கேள்வியை மண் கொட்டுவதற்கு முன்னால் கேட்டார்கள், இழப்பவர்கள் கையில் வேறு ஒன்றைக் கொடுத்தார்கள். ஈரநிலத்தை விட்டுவிடு என்று கேட்கும் நாம் அந்தப் பகுதி மக்களின் பிழைப்புக்கு என்ன தருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பது இந்தச் சொச்சோனைப் பார்த்துத்தான்.

வேறு இடம் என்பது கற்பனையும் அல்ல. கைவிட்ட ஆலைகளின் நிலம், பழைய தொழிற்பேட்டைகளில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் மனைகள், ஒரே தளமாகப் பரந்து கிடப்பதற்குப் பதில் மூன்று தளமாக எழும்பக்கூடிய கிடங்குகள் என்று தேடினால் கிடைக்கும். பழைய ஆலை நிலத்தில் மாசு இருக்கும், சுத்தம் செய்ய நாளாகும், முந்தைய உரிமையாளரின் வழக்கு இருக்கும். ஆனால் இந்தச் செலவு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறது. சதுப்பின் செலவு பின்னால் வருகிறது, அதுவும் பல நேரங்களில் வேறொருவர் தலையில். அரசு, நிலம் ஒதுக்கும் முன்பே நீர் நிற்கும் இடங்களையும் நீர் வரும் வழிகளையும் சேர்த்து வரைந்து வெளியிட்டுவிட்டால், முதலீடு செய்ய வருகிறவரும் பத்து ஆண்டு வழக்கிலிருந்து தப்பிப்பார்.

ஈரநிலம் சும்மா கிடக்கிறது என்ற எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் வேர். கொல்கத்தாவின் கழிவுநீர் எங்கே போகிறது என்று 1980களில் தேடிக்கொண்டு போன துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், அது நகரின் கிழக்கே மீன்பண்ணைகளுக்குள் பாய்ந்து, வெயிலாலும் பாசியாலும் சுத்தமாகி, மீனாகவும் காய்கறியாகவும் நகரத்துக்கே திரும்பி வருவதைக் கண்டார். அந்த 12,500 ஹெக்டேர் 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மின்சாரம் கேட்காமல் ஒரு பெருநகரின் கழிவைச் சுத்திகரிக்கும் ஆலை அது. வரைபடத்தில் மட்டும் அது காலி நிலம். அவரும் என்னைப் போலவே பொறியியல் படித்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு: அவர் நீரின் பின்னாலேயே நடந்து போனார், நான் கோடையில் ஒரு நாள் வந்து துளையிட்டுவிட்டுப் போய்விட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்குத் திட்டத்துக்கு அழைத்தார்கள். அதுவும் தாழ்ந்த நிலம், அதே சாம்பல் களி, அதே துருக்கோடுகள். இந்த முறை அறிக்கையை முடிப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். உரிமையாளருக்குப் பிடிக்கவில்லை, வட்டி ஏறுகிறது என்றார், அது உண்மைதான். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆறு இடங்களில் துளைபோட்ட குழாய்களைப் புதைத்து, பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக அளவுகோல் நட்டுவிட்டு வந்தோம். பெருமழை ஓய்ந்த மூன்றாம் நாள் அவரையே கையோடு கூட்டிக்கொண்டு போனேன். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தம்முடைய நிலத்துக்குள் நீரில் நடந்து வந்தார். வரைபடத்தில் லாரிகள் வந்து நிற்கும் மேடை என்று குறித்திருந்த இடத்தில் அளவுகோல் 46 சென்டிமீட்டர் காட்டியது. நீர் நிற்கவில்லை, மிக மெதுவாகத் தென்கிழக்கு மூலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, ஒரு புல் துணுக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மெதுவாக. அவர் குனிந்து அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, வடமேற்கில் நீர் ஏறாத மேட்டைக் காட்டி, கட்டடத்தை மொத்தமாக அந்தப் பக்கம் தள்ளினால் எத்தனை சதுர அடி குறையும் என்று கேட்டார். வரைபடச் சுருளை நெஞ்சோடு அணைத்து நனையாமல் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளரிடமிருந்து அதை வாங்கி, காரின் முன்மூடிமேல் விரித்து, இருவரும் அளக்கத் தொடங்கினோம்.